வீட்டுத் தோட்டம் போட யாரைக் கூப்பிடுவது? கம்பெனி, நர்சரிக்காரர், மேஸ்திரி, ஆர்க்கிடெக்ட்: ஓர் ஒப்பீடு

மேடவாக்கத்தில் எங்கள் மனை ஒரு கிரவுண்டு. 2,400 சதுர அடியில் வீடும் கார் நிற்கும் இடமும் போக, முன்பக்கம் 600 சதுர அடி மண்தரை மிஞ்சியது. அந்த 600 சதுர அடிக்கு நாங்கள் இரண்டு முறை தோட்டம் போட்டிருக்கிறோம். முதல் முறை 2023 செப்டம்பரில், ஒரு லேண்ட்ஸ்கேப்பிங் கம்பெனியை வைத்து. போட்ட அன்று பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருத் தண்ணீர் வடிந்த மறுநாளே பக்கத்து வீட்டில் தரை தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஐந்து நாள் ஆகியும் வடியவில்லை. பதித்திருந்த கொரியன் கிராஸ் என்ற புல் அழுகி நாற்றமெடுத்தது. வாங்கி வைத்த பெரிய செடிகளில் பாதி, பொங்கலுக்குள் காய்ந்து போயின.

புயலைக் குறை சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மண்ணைக் கிளறிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மழைநீர் சேகரிப்புக் குழியின் மூடியின் மேலேயே அரை அடி செம்மண்ணைப் போட்டு நிரவி, அதற்கு மேல் புல் பதித்திருந்தார்கள். தரையின் வாட்டம் தெருப்பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் இரண்டு குழாயும் நேராகப் புல்லுக்குள் வந்து விழுந்தன. எங்கள் மாடி ஏறத்தாழ 1,100 சதுர அடி. பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் இறங்கும். அதற்குப் போக வழியே இல்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் மறுபடி ஆள் தேடத் தொடங்கினோம். இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு கம்பெனி, ஒரு நர்சரிக்காரர், வீடு கட்டிய மேஸ்திரி, தோட்டத்தை வடிவமைத்து வரைபடம் தரும் ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று நான்கு தரப்பிடமும் பேசினோம். வீட்டுக்குத் தோட்டம் போட நினைப்பவர்கள் எல்லோரும் இந்த நான்கு பேரில் யாரிடமாவதுதான் போகிறார்கள் என்பதால், நான் பார்த்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தோட்ட வேலை என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் நான்கு தனி வேலைகள் இருக்கின்றன. மண்ணும் தண்ணீர் வடிகாலும் ஒன்று. நடைபாதை, கல், திண்ணை போன்ற கட்டுமானம் இரண்டாவது. குழாய், சொட்டுநீர், விளக்கு மூன்றாவது. செடி கடைசி. நாம் ஆசைப்படுவது செடிக்கு. பணம் அதிகம் போவது கல்லுக்கு. தோட்டம் பிழைப்பதும் சாவதும் மண்ணிலும் வடிகாலிலும். இந்த நான்கிலும் கைதேர்ந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே யாருக்கு எது தெரியும் என்று பார்ப்பதுதான் தேர்வின் பாதி வேலை.

கம்பெனி

கம்பெனியிடம் உள்ள பெரிய வசதி, ஒரே ஆளிடம் பேசினால் போதும். கம்ப்யூட்டரில் படம் வரைந்து காட்டுகிறார்கள். வேலை முடியும் தேதி சொல்கிறார்கள், பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முடித்தும் விடுகிறார்கள். ஜிஎஸ்டி பில் கிடைக்கும். நாளைக்குத் தகராறு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால், எழுத்தில் உள்ள ஒப்பந்தமும் பில்லும் இருப்பது பெரிய பலம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு ஊரில் உள்ள வீட்டுக்குத் தோட்டம் போடுகிறவர்களுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை.

குறை எங்கே என்றால், நம்மிடம் பேசுகிறவர் வேறு, மண்ணில் கை வைக்கிறவர் வேறு. எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்து பேசியவர் டிசைன் படித்த பெண். நன்றாகவே பேசினார். வேலை தொடங்கியபின் அவர் ஒரு முறைதான் வந்தார். வேலை செய்தது இரண்டாவது கைக்குப் போன ஒப்பந்தக்காரரின் ஆட்கள். படத்தில் வடிகால் கோடு போட்டிருந்தது உண்மை. அந்தக் கோட்டைப் பற்றி மம்பட்டி பிடித்தவருக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு செடி செத்ததும் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதத்துக்குள் பட்டுப்போகும் செடிகளை மாற்றித் தருவோம், இயற்கைச் சீற்றத்துக்கு இது பொருந்தாது என்று இருந்தது. சென்னையில் தோட்டம் போடுகிறவர் மழையை இயற்கைச் சீற்றம் என்று ஒதுக்கிவிட்டால், அந்த உத்தரவாதத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? நம் ஊரின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி அது.

எல்லா கம்பெனியும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் முறை நாங்கள் பேசிய கம்பெனி உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவர்களிடம் சொந்த ஆட்கள் இருந்தார்கள், ஒரு மேற்பார்வையாளர் தினமும் வருவார் என்று எழுத்தில் தந்தார்கள். கம்பெனியிடம் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: வேலை செய்யப்போவது உங்கள் ஆட்களா, சப் கான்ட்ராக்டா? இரண்டாவது, நீங்கள் முடித்த தோட்டங்களில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் தாண்டியது எது, அதை நான் நேரில் பார்க்கலாமா? போனில் காட்டும் படங்கள் எல்லாம் வேலை முடிந்த அன்று எடுத்தவை. பதித்த அன்று எந்தப் புல்லும் பச்சையாகத்தான் இருக்கும்.

நர்சரிக்காரர்

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமும் தாம்பரம் பக்கமும் சாலையோரமாக எத்தனையோ நர்சரிகள். அவர்களில் பலர் செடி விற்பதோடு தோட்டமும் போட்டுத் தருகிறார்கள். எங்களுக்கு அமைந்தவர் முப்பது ஆண்டாகச் செடி விற்பவர். நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் கேட்டைத் தாண்டி நின்று வானத்தைப் பார்த்தார். "காலையில வெயில் எந்தப் பக்கம் விழும்மா? எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" அப்புறம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டினார். உருண்டை உடையவில்லை. "இது களி. இதுல கொரியன் போட்டா மறுபடியும் இதே கதைதான்" என்றார். கம்பெனியின் ஐம்பது பக்க வண்ணப்படத்தில் இல்லாத ஒன்றை அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

நர்சரிக்காரரின் பலம் இதுதான். செடி அவர் கையில் வளர்ந்தது. எது நம் மண்ணில் பிடிக்கும், எது பிடிக்காது என்று அனுபவத்தில் தெரியும். செடி பட்டுப்போனால் வேறு ஒன்று கொண்டு வந்து வைப்பது அவருக்குப் பெரிய செலவும் இல்லை. கடை பக்கத்திலேயே இருப்பதால் ஆள் காணாமல் போக மாட்டார். விலையும் குறைவு.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, அவர் செடி விற்பவர் என்பதால் செடியை நெருக்கி வைப்பார். முதல் நாளே தோட்டம் நிறைந்து தெரிய வேண்டும் என்று நாமும் ஆசைப்படுவோம். இரண்டு ஆண்டில் ஒன்றை ஒன்று நெரித்து, பாதியைப் பிடுங்க வேண்டி வரும். இரண்டு, நர்சரிகளில் நிற்கும் பெரிய செடிகளில் பல அங்கேயே வளர்ந்தவை அல்ல. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் கடியம் என்ற ஊர். அந்தப் பகுதி முழுக்க நர்சரிதான். அங்கிருந்து லாரியில் வருகின்றன. கோதாவரிக் களிமண் உருண்டையோடு வரும். லாரி இறங்கிய மறுநாளே அதை வாங்கி நட்டால் இலை கொட்டும். நர்சரியில் மூன்று நான்கு வாரம் நின்று, புதுத் துளிர் விட்ட செடியாகப் பார்த்து வாங்க வேண்டும். இதை நேரடியாகக் கேட்டால் நல்ல நர்சரிக்காரர் மறைக்க மாட்டார். எங்கள் அண்ணே, நான் கேட்ட நந்தியாவட்டையைக் காட்டி, "இது போன வாரம்தான் இறங்குச்சு, அடுத்த மாசம் எடுத்துக்கோங்க" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கல் வேலை, வாட்டம், குழாய் என்று வந்தால் பெரும்பாலான நர்சரிக்காரர்கள் தடுமாறுவார்கள். "ஆள் இருக்கு, கூட்டிட்டு வர்றேன்" என்பார்கள். அந்த ஆளுக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரி

வீடு கட்டிய மேஸ்திரிக்கு நம் வீட்டின் அடி முதல் நுனி வரை தெரியும். குழாய் எங்கே போகிறது, செப்டிக் டேங்க் எங்கே, பேஸ்மென்ட் மட்டம் என்ன என்று கேட்காமலே சொல்வார். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து வாட்டம் எடுப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் மண்ணைக் கண்டால் அவருக்குக் கல்லோ கான்கிரீட்டோ போட்டு மூடத்தான் கை வரும். செடிக்கு அவரிடம் போகாதீர்கள். கல் வேலைக்கும் வடிகாலுக்கும் அவரைத் தவிர வேறு யாரையும் நான் கூப்பிட மாட்டேன்.

ஆர்க்கிடெக்ட்

ஒரு கிரவுண்டு வீட்டுக்கு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டா என்று என் மாமியார் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பலர் முழு வேலையையும் எடுத்து, மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்கிறார்கள். செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால் சின்ன வீட்டுக்கு அது சரிப்படாது. ஆனால் ஒரே ஒரு முறை வந்து பார்த்து, அளவெடுத்து, மட்டமும் வடிகாலும் செடி இடமும் குறித்து வரைபடம் மட்டும் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். எங்களுக்கு அது 15,000 ரூபாய் ஆனது. இந்த வேலையில் நாங்கள் செலவழித்ததிலேயே மிகப் பயனுள்ள பணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வரைபடம் வந்தபின்தான் மற்ற மூவரிடமும் ஒரே விஷயத்துக்கு விலை கேட்க முடிந்தது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் ஒவ்வொரு தோட்டத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆர்க்கிடெக்ட் என்று ஒருவர் தொழில் செய்ய, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். லேண்ட்ஸ்கேப்பர், கார்டன் டிசைனர் என்று போட்டுக்கொள்ள அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. அதனால் விசிட்டிங் கார்டில் உள்ள பட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்ன நர்சரியில்தான் செடி வாங்க வேண்டும், இன்ன கடையில்தான் கல் வாங்க வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால் ஏன் என்று கேளுங்கள்.

கொட்டேஷன்களைப் படிக்கும் விதம்

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், நாங்களும் முதல் முறை இங்கேதான் சறுக்கினோம். எங்களிடம் வந்த விலைகள் இவை. கம்பெனி 2,40,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்: மொத்தம் 2,83,200. நர்சரிக்காரர் 95,000. முதல் பார்வையில் மூன்றில் ஒரு பங்கு விலை. யாராக இருந்தாலும் உடனே நர்சரிக்காரரிடம் போய்விடுவார்கள்.

உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தபோது, நர்சரிக்காரர் சொன்னதில் கல் பாதை இல்லை, வடிகால் குழி இல்லை, சொட்டுநீர்க் குழாய் இல்லை. அவற்றை மேஸ்திரியிடமும் குழாய்க்காரரிடமும் தனியாகக் கேட்டால் 85,000-மும் 14,000-மும் வந்தது. ஆர்க்கிடெக்டுக்கு 15,000. கூட்டினால் 2,09,000. வித்தியாசம் எழுபதாயிரத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது. எழுபதாயிரம் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் நான்கு பேரை நாமே ஒருங்கிணைக்கும் அலைச்சலுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய தொகை அது. எனக்கு அந்த மாதம் வீட்டிலிருந்தே வேலை என்பதால் சரிப்பட்டது. கணவன் மனைவி இருவரும் காலையில் கிளம்பி இரவில் வீடு திரும்பும் வீட்டில், கம்பெனிக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பதே நியாயமாக இருக்கலாம்.

ஜிஎஸ்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர்ச்செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. தோட்டம் அமைத்துத் தரும் வேலையாக மொத்தமாக எடுத்தால் 18 சதவீதம். அதனால் செடியை நாமே நர்சரியில் வாங்கித் தந்து, மற்ற வேலைக்கு மட்டும் பில் போடச் சொன்னால் எவ்வளவு குறையும் என்று கம்பெனியிடமே கேட்கலாம். சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் செடிக்கான உத்தரவாதம் அப்போது நம் தலையில் வரும்.

அடுத்தது மண். "தோட்ட மண், லம்ப்சம்" என்று அளவே சொல்லாமல் மொத்தத் தொகை போட்ட ஒரு வரி எந்தக் கொட்டேஷனில் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண்ணுக்கு நம் ஊரில் கணக்கு யூனிட். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. 600 சதுர அடிக்கு அரை அடி மண் போட 300 கன அடி, அதாவது மூன்று யூனிட். இதை நாமே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால், ஐந்து யூனிட் என்று எழுதுகிறவரிடம் ஏன் என்று கேட்க முடியும். ஒன்றரை யூனிட் என்று எழுதுகிறவரிடமும் கேட்க முடியும். மண் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். எங்கள் முதல் தோட்டத்தில் வந்திறங்கிய செம்மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்துவிட்டது. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்கும், பத்து நாளில் மறுபடி தலைகாட்டும். ஒரு ஆண்டு முழுக்க அதோடு போராடினோம். லோடு இறங்கும்போதே ஒரு கூடை மண்ணைச் சலித்துப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்வது பெரிய சிரமம் இல்லை.

மண் போடுவதற்கு முன் பழைய மண்ணைக் கிளறி, வீடு கட்டியபோது புதைந்த செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாவற்றையும் எடுப்பது யார் செலவு என்பதும் எழுத்தில் வேண்டும். புது வீடுகளில் செடி வளராமல் நிற்பதற்கு இந்த இடிபாடுகள் ஒரு பெரிய காரணம். மண் உயரம் பேஸ்மென்ட் மட்டத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏறினால் சுவர் ஓதம் பிடிக்கும், கரையானுக்கும் ஏணி வைத்ததுபோல் ஆகிவிடும்.

தரையில் பதிக்கும் சிமென்ட் கல்லான பேவர் பிளாக் போடுவதாக இருந்தால் கனம் என்ன என்று கேளுங்கள். ஆள் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் போதும். கார் ஏறும் இடத்துக்கு 60 வேண்டும். விலை குறைத்துச் சொன்ன ஒருவர் கார் நிற்கும் இடத்துக்கும் 50-ஐத்தான் எழுதியிருந்தார். கேட்டபோது எல்லாருக்கும் இதைத்தான் போடுகிறோம் என்றார்.

செடி வரிசையில் பெயர், எண்ணிக்கை, பை அளவு, உயரம் நான்கும் வேண்டும். அரளி பத்து என்று மட்டும் இருந்தால், இடுப்பளவு செடிக்கு விலை வாங்கிக்கொண்டு முழங்கால் அளவு செடி வரும். கோனோகார்பஸ் என்ற மரம் பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள். சீக்கிரம் வளர்ந்து காம்பவுண்டை மறைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அதன் வேர் குழாய்க்குள்ளும் சாக்கடைக்குள்ளும் போகிறது என்ற புகாரும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை என்ற புகாரும் சேர்ந்து, குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை போட்டது.

புல்தரையைப் பற்றிக் கேளுங்கள்

வந்தவர் நல்ல ஆளா என்று எனக்கு இப்போது ஒரே ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்: "முழுக்கப் புல் போடலாமா?" சரி மேடம், போட்டுடலாம் என்று உடனே சொல்கிறவரை நான் எடுக்க மாட்டேன். புல் கேட்கும் தண்ணீரை அவர் நினைத்துப் பார்க்கவில்லை என்று பொருள். கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்தாலே 600 சதுர அடிக்கு 280 லிட்டர். மாதத்துக்கு எட்டாயிரம் லிட்டரைத் தாண்டும். ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதை யார் ஊற்றுவது?

நான்கு பேரிடமும் இதைக் கேட்டேன். மேஸ்திரி, புல்லே வேண்டாம், பேவர் போட்டுவிடலாம் என்றார். கம்பெனி, செயற்கைப் புல் போடலாம் என்றது. சித்திரை வெயிலில் அதன்மேல் கால் வைக்க முடியாது என்பதை ஏற்கெனவே தோழி வீட்டில் பார்த்திருந்தேன். ஆர்க்கிடெக்ட், உட்காரும் இடத்தில் மட்டும் 150 சதுர அடிக்குப் புல் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது புதரும் தரைப்படர் செடியும் போதும் என்றார். நர்சரி அண்ணே தரைப்படர் செடிக்குச் சொன்னது பொடுதலை. எங்கள் ஏரியாவில் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தானாகவே படர்ந்து கிடந்த செடி அது. ஈரத்தையும் தாங்கும், மிதித்தாலும் எழும்பும், வெட்ட வேண்டியதும் அதிகம் இல்லை. வேப்பமரத்து நிழல் விழும் மூலைக்கு அகல இலை பஃபலோ கிராஸ். கொரியனுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், நிழலில் அது நிற்காது.

தண்ணீர் வடிகிறதா என்று சோதிக்க ஆர்க்கிடெக்ட் ஒரு வேலை செய்யச் சொன்னார். யாரையும் முடிவு செய்வதற்கு முன் இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுக்க இறங்கியபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவு குச்சி வைத்துப் பாருங்கள். எங்கள் மண்ணில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. திருவான்மியூரில் என் அக்கா வீட்டில் கடற்கரை மணல். ஊற்றி முடிப்பதற்குள் காணாமல் போகிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனி ஒரே கொட்டேஷனை நீட்டினால், ஒரு வீட்டில் செடி மூழ்கிச் சாகும், இன்னொரு வீட்டில் காய்ந்து சாகும். இந்தச் சோதனையின் முடிவைச் சொன்னபோது யார் தன் திட்டத்தை மாற்றுகிறார் என்று கவனியுங்கள். எங்கள் விஷயத்தில் நர்சரிக்காரரும் ஆர்க்கிடெக்டும் மாற்றினார்கள். கம்பெனி, மண் கலவையில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னது. களிமண் தொட்டிக்குள் நல்ல மண்ணைப் போட்டாலும் தண்ணீர் தொட்டியில்தானே நிற்கும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அங்கேயே என் முடிவு ஏறத்தாழ ஆகிவிட்டது.

நாங்கள் எடுத்த முடிவு

ஆர்க்கிடெக்டின் வரைபடம், மேஸ்திரியின் கல் வேலையும் வடிகாலும், நர்சரிக்காரரின் மண்ணும் செடியும். மேஸ்திரி முதலில் வந்து மூடிக் கிடந்த மழைநீர்க் குழியைத் திறந்து, சேறு அள்ளி, கூழாங்கல்லை மாற்றினார். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது சென்னை முழுக்க வெட்டிய குழிகள் இவை. எத்தனை வீட்டில் இன்றும் தண்ணீர் வாங்குகின்றன என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். மாடிக் குழாய் இரண்டையும் அந்தக் குழிக்குத் திருப்பினார். குழி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தெருப்பக்கம் போக ஒரு வழியும் விட்டார். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், வீட்டிலிருந்து கேட் பக்கமாக. தண்ணீர் கடைசியாக நிற்கும் தாழ்ந்த ஓரத்தில் கல்வாழையும் வெட்டிவேரும். மேடான பாத்திகளில் நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி, ஒரு பவளமல்லி. காம்பவுண்டு ஓரம் கறிவேப்பிலையும் ஒரு எலுமிச்சையும்.

பணத்தை நான்காகப் பிரித்தோம். முன்பணம் 30 சதவீதம், மண் வேலையும் வாட்டமும் முடிந்து ஒரு ஹோஸ் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தபின் 30, செடி நட்டபின் 30. கடைசி பத்து சதவீதம் பொங்கலுக்கு. மழை முடிந்து, எது நின்றது எது போனது என்று பார்த்தபின் தருவோம், பட்டுப்போனதை மாற்றித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மேஸ்திரி கொஞ்சம் முகம் சுளித்தார். நர்சரி அண்ணே, "மழை பார்த்துட்டுக் குடுங்கம்மா, அதுதான் சரி" என்றார். பாதிக்கு மேல் முன்பணம் கேட்கிறவரிடம் எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் நான் போக மாட்டேன்.

இதே முடிவு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மொட்டை மாடியில் தோட்டம் என்றால் நர்சரிக்காரரை நம்பி இறங்கவே கூடாது. ஒரு யூனிட் ஈர மண் ஏறத்தாழ ஐந்து டன் எடை. அதைத் தளம் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதித் தர வேண்டும், அதன்பின் வாட்டர்ப்ரூஃபிங்குக்கு உத்தரவாதம் தருகிற கம்பெனியைத்தான் எடுக்க வேண்டும். கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று பண்ணை வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆர்க்கிடெக்டின் முழு மேற்பார்வையும் பணத்துக்குத் தகும். இருநூறு சதுர அடிக்கும் குறைவான இடம் என்றால் யாரையும் கூப்பிட வேண்டாம். வாரம் ஒரு முறை வரும் தோட்டக்காரரும் நாமும் சேர்ந்தே செய்துவிடலாம்.

எப்போது கூப்பிடுவது என்பதும் முக்கியம். எங்களைப் போலச் சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ஆகஸ்டுக்குள் கல் வேலையை முடித்துவிட்டு, செப்டம்பரில் செடி வைத்தால், பெருமழைக்கு முன் வேர் பிடிக்க நான்கைந்து வாரம் கிடைக்கும். மே மாதக் கத்திரியில் வேலையைத் தொடங்கலாம் என்று சொல்கிறவர் கல் வேலைக்குச் சொன்னால் சரி, செடிக்குச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

2025 பொங்கலுக்கு மறுநாள் அண்ணே மீதிப் பணத்துக்கு வந்தார். இரண்டு இட்லிப்பூச் செடி பட்டுப்போயிருந்தது, கூடவே இரண்டை எடுத்து வந்திருந்தார். குழியின் மூடியைத் திறந்து பார்த்தார். அடியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, பவளமல்லியைக் கொஞ்சம் கவாத்து செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.